எட்டு டெஸ்டிமோனியலும் ஒரு மாலையும்

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த மூன்றாவது வருஷம் இது நடந்தது. அதற்குள் நான்கு இடங்கள் வந்து நான்கும் நின்றுபோயிருந்தன. முதல் இடத்தில் நான் பேசவே இல்லை என்று குறை சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் பேசினேன், அதனால் நின்றது. பெண்ணின் மாமா மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சைடு ஸ்டாண்டு சரியாக ஊன்றவில்லை, வண்டி விழுந்துவிடும் என்று அவரிடம் நான்கு தடவை சொன்னேன். "பையன் ஒரு மாதிரியா கீறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற இரண்டு இடங்களும் என் படிப்பைக் கேட்டதோடு சரி.

படிப்பு ஒன்பதாவது. பத்தாவது பரீட்சையில் ஃபெயில் ஆகிவிடுவேனோ என்ற பயத்தில், பரீட்சை வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். அதனால் நான் இன்று வரை எந்தப் பரீட்சையிலும் ஃபெயில் ஆனதில்லை.

வேலை, மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், எடை மேடையில். லாரி மேடையில் ஏறும், எடை விழும், சீட்டு வரும், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு லாரிக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள். நான் சீட்டை மூன்று தரம் படிப்பேன். வண்டி நம்பரை எட்டிப் பார்ப்பேன். பிறகு கீழே இறங்கிப் போய் இன்னொரு தரம் பார்ப்பேன். "யோவ், எடை போடுறியா, ஜாதகம் பாக்குறியா?" என்று டிரைவர்கள் கத்துவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து திருவொற்றியூரில் வீட்டுக்கு வந்தால், வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடினேனா, பூட்டு விழுந்ததா, குழாயில் தண்ணீர் நின்றதா. எங்கள் தெருவில் இதைத் தெரியாதவர்கள் இல்லை.

ஐந்தாவது இடம் புழலிலிருந்து வந்தது. அப்பா ஒரு ஆயில் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணன் கம்ப்யூட்டர் கம்பெனியில். பெண் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். ஒற்றியூர் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முட்டி வலி, படியில் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று நான் படியையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். அப்போது வளையல் போட்ட ஒரு கை வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நான் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதற்குள் படி முடிந்துவிட்டது, அவளும் அவள் அப்பாவோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆக, நான் பார்த்தது கையை மட்டும்தான். ஆனாலும் இந்த இடம் நின்றுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்கு முன் நான்கு இடங்களுக்கும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அதனால் பயமும் அவ்வளவு இருந்ததில்லை.

ஜாதகம் பொருந்திவிட்டது. பாக்கி இருந்தது விசாரணை. எங்கள் பக்கத்தில் விசாரணை என்றால் டீக்கடை. மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் நின்று ஒரு டீயை அரை மணி நேரம் குடிப்பார்கள். "அந்தப் பையன் எப்பிடி?" என்று பொதுவாகக் கேட்பார்கள். மாப்பிள்ளையின் தோஸ்துகள் முன்கூட்டியே அங்கே போய் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். "யாரு, அவனா? தங்கம் சார்!" என்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த முறைதான். நானே இரண்டு பேருக்கு அப்படிப் பேப்பர் படித்திருக்கிறேன்.

கல்யாண புரோக்கர் ஒரு நாள் வந்து அந்த முறையைக் கவிழ்த்துவிட்டார். "டீக்கடையெல்லாம் வேணான்றான்யா பொண்ணோட அண்ணங்காரன். நீ அந்த நெட்ல கீறியான்னு கேக்குறான். அதான்யா, போட்டோ போட்டுகினு ஆளாளுக்கு பேசிக்குவாங்களே, அது. அதுல பாத்துக்குறானாம்."

நான் அதில் இருந்தேன். அப்போது ஊரே அதில் இருந்தது. தேரடி பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை கேபின் கிடைக்காது. நானும் இரண்டு மாசம் முன்னால் சேர்ந்திருந்தேன். யார்டிலும் தெருவிலுமாகப் பதினோரு நண்பர்கள். படிப்பு என்ற கட்டத்தை ஒன்றும் போடாமல் விட்டிருந்தேன்.

புரோக்கர் போனதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பெண்ணின் அண்ணன் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் டெஸ்டிமோனியல் என்று ஒரு பகுதி உண்டு. நம் நண்பர்கள் நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம். எழுதியது முதலில் நம் கண்ணுக்கு மட்டும் வரும். நாம் ஏற்றுக்கொண்டால்தான் ஊருக்குத் தெரியும், வேண்டாம் என்று தள்ளியும் விடலாம். அந்த அண்ணனுக்கு நாற்பது டெஸ்டிமோனியலுக்கு மேல் இருந்தது. ஆபீஸில் உள்ளவர்கள், காலேஜில் கூடப் படித்தவர்கள் என்று எல்லாரும் போட்டி போட்டு எழுதியிருந்தார்கள். என் பக்கத்தில் அந்த இடம் காலி. மழைக்கு ஒதுங்கக் கூட ஒருத்தர் வரவில்லை.

டீக்கடையில் யாரும் வாய் திறக்காவிட்டால் டீ மாஸ்டர் பிஸியாக இருந்தார் என்று நினைத்துக்கொள்ளலாம். இங்கே காலியாக இருந்தால் என்ன நினைப்பார்கள்? இவனைப் பற்றி நல்லது சொல்ல நாட்டில் ஒருத்தர் கூட இல்லை என்றுதானே.

எனக்கு ஒரு தோஸ்து உண்டு, சின்ன வயசிலிருந்து பழக்கம். ராயபுரத்தில் கடை வைத்திருந்தான். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அவனே டிசைன் செய்து அவனே எழுதுவான். என் நண்பர்களில் நாலு வரி சேர்ந்தாற்போல எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனிடம் போனேன்.

"மாமு, என்ன பத்தி எழுதணும்டா."

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சைஸ் இன்னா?" என்றான்.

"பேனர் இல்லடா. நெட்ல. பொண்ணு வூட்ல பாப்பாங்க."

அப்போதுதான் திரும்பினான். "கல்யாண மேட்டரா? இத்த மொதல்லயே சொல்ல மாட்டியா கஸ்மாலம்? வுடு. இந்த ஏரியால எவன் வூட்டு வாசல்ல எது தொங்கினாலும் எழுத்து நம்புளுது. உன் போட்டோ இன்னாடா இது, ரேஷன் கார்டு போட்டோவாட்டம் கீது? நா மாத்திக் குடுக்குறேன்."

மாற்றிக் கொடுத்தான். பின்னால் நீல வானம், வெள்ளை மேகம், என் தலையைச் சுற்றி மெல்லிய வெளிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. அதையே பக்கத்தில் ஏற்றினேன்.

மறுநாள் அவன் எழுதியது வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில், எல்லாமே பெரிய எழுத்தில் தட்டியிருந்தான்.

"அன்பின் சிகரமே! அடக்கத்தின் உருவமே! உழைப்பையே உயிராக நினைத்தவர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். எறும்புக்கும் தீங்கு எண்ணாதவர். இந்த நல்ல உள்ளத்தை எங்கள் நெஞ்சம் என்றும் மறவாது. உங்கள் நினைவுகளுடன், நண்பர்கள் வட்டம், ராயபுரம்."

படித்து முடித்ததும் எனக்கு என் மேலேயே ஒரு துக்கம் வந்தது. பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. என் அப்பா தவறியபோது இதே தோஸ்துதான் தெரு முழுக்க போஸ்டர் ஒட்டினான், ஒரு வார்த்தை கேட்காமல். அதில் இருந்த பாதி வரி இதில் இருந்தது. எறும்பு அதிலும் இருந்தது.

ஏற்றுவதா, தள்ளுவதா என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் விடவில்லை. தினமும் செல்லில் கூப்பிட்டான்.

"ஏத்துனியா?"

"இன்னும் இல்ல மாமு. வேல ஜாஸ்தி."

"ஒரு பட்டன அமுக்குறதுக்கு இன்னாடா வேல? எழுத்து புடிக்கலியா? புடிக்கலன்னா சொல்லிடு. ஊர்ல எவ்ளோ பேருக்கு எழுதிக்கீறேன், ஒருத்தன் கூட வேணான்னு சொன்னதில்ல."

சொன்னதில்லைதான். அவன் எழுதியதில் பாதிப் பேருக்குச் சொல்ல வாய் இருந்திருக்காது. இதை அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாவது நாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான். "உன் அப்பாவுக்கு எழுதினப்போ நல்லா இருந்துச்சி. உனுக்கு எழுதினா மட்டும் நல்லா இல்லியா?" கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே போய் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் இருக்கட்டும், பிறகு மெதுவாக எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஒன்று ஏறியதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் கிரேன் ஆபரேட்டர், யார்டு சூப்பர்வைசர், எதிர் வீட்டு எலெக்ட்ரீஷியன், எல்லாரும் எனக்கு எழுதியே தீருவது என்று கிளம்பினார்கள். எழுதத் தெரியாது. அதனால் வரிசையாக என் தோஸ்து கடைக்குப் போய், "அவனுக்கு ஒன்னு எழுதிக் குடுப்பா" என்றார்கள். அவனும் சளைக்காமல் எழுதிக் கொடுத்தான். 'பண்பின் பெட்டகமே' என்று ஒன்று வந்தது. 'பாசத்தின் பிறப்பிடமே' என்று ஒன்று. 'காலத்தால் அழியாத காவியமே' என்று சூப்பர்வைசரிடமிருந்து வந்தது. அந்த மனுஷன் என்னிடம் அதற்கு முன் பேசியதெல்லாம் "சீக்கிரம் வுடுய்யா லாரிய" மட்டும்தான்.

ஒருத்தருடையதை ஏற்றி இன்னொருத்தருடையதைத் தள்ள முடியுமா? மறுநாள் காலையில் அதே முகத்தில் முழிக்க வேண்டுமே. வந்ததையெல்லாம் ஏற்றினேன். வியாழக்கிழமை எட்டாவது வந்தது. அதைத் திறந்தபோது கேபின் நேரம் முடிந்துவிட்டது, வெளியே ஒருத்தர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றினேன். சீட்டை மூன்று தரம் படிக்கிற நான், வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் முழுசாகப் படிக்காமல் விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நம் பக்கத்தை யார் யார் வந்து பார்த்தார்கள் என்று அதில் தெரியும். பெண்ணின் அண்ணன் பெயர் இருந்தது. அவர் என்ன படித்திருப்பாரோ அதை நானும் படித்தேன், மேலிருந்து கீழ் வரைக்கும், ஒன்று விடாமல். எட்டாவதின் கடைசி வரி இப்படி இருந்தது:

"அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

உடனே எட்டையும் எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? பார்த்தவர் பார்த்துவிட்டார். போன் செய்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? 'நான் சாகவில்லை' என்றா? அவர்கள் அப்படி நினைக்கவே இல்லை என்றால்? சும்மா இருக்கிறவர்களுக்குப் போன் போட்டு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? செல்லை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அதிலேயே சனிக்கிழமை முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீனைக் கழுவி மசாலா தடவி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். நான் லுங்கியோடு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பெண்ணின் அப்பா இறங்கினார். பின்னால் அவர் மகன். அப்பாவின் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். இறங்கியவர் தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, மேளம் இல்லை. குழம்பிப்போய் பொட்டலத்தைப் பிரித்தார். ரோஜா மாலை.

என்னைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"தம்பி... நீங்க அவருக்குத் தம்பியா? அச்சு அசல் அவர மாதிரியே கீறீங்க."

வாயில் நுரை. துப்பிவிட்டு, "நான்தான் சார் அவரு" என்றேன்.

அவர் மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். மகன் பிடித்துக்கொண்டார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரு நைனா?" என்றவள் மாலையைப் பார்த்தாள். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் என்ற மரியாதையெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது.

"இன்னாங்க இது? புள்ள கல்லாட்டம் வாசல்ல நிக்குது, மாலயோட வந்து நிக்குறீங்க? விடிஞ்சதும் விடியாததுமா இன்னா மனசுங்க உங்குளுக்கு?"

"நெட்ல போட்டிருந்துச்சும்மா" என்றார் மகன். பாவம், அவர் முகம் வெளுத்திருந்தது. "எட்டு பேர் எழுதியிருந்தாங்க. போட்டோவுல தலைய சுத்தி வெளிச்சம் வேற."

"நெட்ல போட்டா? பெத்தவ நா இங்க குத்துக்கல்லாட்டம் கீறேன். எனக்கு ஒரு போன் போட்டு கேக்க மாட்டீங்களா?"

"போட்டுப் பாத்தோம்மா. ரெண்டு நாளா மணியே அடிக்கல" என்றார் அப்பா.

"கேபிளுக்கு ரோட்ட தோண்டி வூட்டு போனு பத்து நாளா ஊமையா கீது, எப்பிடி அடிக்கும்? புள்ள கைல செல்லு கீதில்ல, அதுக்கு போட வேண்டியதுதான?"

அப்பா தயங்கினார். "செத்தவர் செல்லுக்கு எப்பிடிம்மா போடறது?"

அம்மா கரண்டியைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"புரோக்கர கேட்டேம்மா" என்று தொடர்ந்தார் அவர். "அவருதான் சொன்னாரு. 'ஆமா சார், நேத்தே கேள்விப்பட்டேன், நல்ல பையன், கொடுத்து வெக்கல'ன்னாரு."

புரோக்கருக்கு இந்த ஊரில் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை. பிற்பாடு அவரைக் கேட்டபோது, "அவ்ளோ பெரிய மனுஷன் சொல்றாரு, இல்லன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?" என்றார்.

இதற்குள் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். ஆட்டோவைப் பார்த்துவிட்டு, வழக்கமான ஞாயிற்றுக்கிழமை டீக்கு வந்திருந்த என் தோஸ்தும் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டான். அவனுக்கு முதலில் வந்தது கோபம்.

"அது வாழ்த்து சார்! வாழ்த்துறதுக்கும் அனுதாபத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"பிரிவால் வாடும் குடும்பத்தாருக்குன்னு போட்டிருந்ததே" என்றார் மகன்.

தோஸ்து கொஞ்சம் யோசித்தான். "ஒரு பெரியவருக்கு அன்னைக்கு அவசரமா அடிச்சிகினு இருந்தேன். அந்த ஃபைல்ல இருந்து ஒட்டிக்கினு வந்திருக்கும் சார். தூக்கிடலாம், ஒன்னும் பெரிய மேட்டர் இல்ல." பிறகு, அடக்க முடியாமல் கேட்டான். "அத்த வுடுங்க. எட்டும் நம்ப எழுத்துதான். எப்பிடி இருந்துச்சி சார்?"

மகன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பொய் சொல்லவில்லை. "நான் படிச்சுக் காட்டினேன். எங்கம்மா அழுதுட்டாங்க. தங்கச்சி அன்னைலருந்து சரியா சாப்பிடல."

என் தோஸ்துவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கோ வேறெதுவும் காதில் விழவில்லை. தங்கச்சி சாப்பிடவில்லை. எனக்காக. நான் இருக்கிறேன் என்று தெரியாமல். இதற்குச் சந்தோஷப்படலாமா, படக் கூடாதா என்று அங்கேயே கவலைப்பட ஆரம்பித்தேன்.

மகன் அப்பாவிடம் திரும்பினார். "எட்டும் ஒரே ஆள் எழுதினதுப்பா. இத வச்சி ஒன்னும் சொல்ல முடியாது."

"அதான்" என்றார் அப்பா. "நாம டீக்கடையிலயே கேட்டுப்போம்."

வழக்கமாகப் பேப்பர் படிக்க வேண்டிய தோஸ்துகள் எல்லாரும் இங்கே என் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில் டீ மாஸ்டரைத் தவிர யாரும் இல்லை. என் தோஸ்து கூடவே கிளம்பினான். "நீ வராத" என்று மகன் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

வாசலிலிருந்து கடை தெரியும். பேச்சு கேட்காது. அப்பா ஏதோ கேட்டார். டீ மாஸ்டர் பால் சட்டியை இறக்கி வைத்தார். அவர் எதையும் இறக்கி வைத்துவிட்டுப் பேசினால் நீளமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம். கையால் ஒரு பூட்டைப் பூட்டிக் காட்டினார். இழுத்துக் காட்டினார். நாலடி நடந்து போனார். திரும்பி வந்தார். மறுபடி இழுத்துக் காட்டினார். மறுபடி நடந்தார். பிறகு கீழே குனிந்து, மூக்கை உறிஞ்சி, கேஸ் வாசனை பார்த்துக் காட்டினார்.

"முடிஞ்சிது" என்றேன்.

"இந்தாளுக்கு கண்ணுல மண்ணு விழ" என்றாள் அம்மா. "மத்தவன் புள்ளைய பத்தி மட்டும் தங்கம் தங்கம்னுவான்." சொல்லிவிட்டு உள்ளே போய் மீனைக் கல்லில் போட்டுவிட்டு வந்தாள்.

டீ மாஸ்டர் இப்போது ஒரு டம்ளரை எடுத்து, அதை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காட்டினார். நான் டீ குடிக்கும் விதம். அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று பின்பக்கத்திலிருந்து தெரியவில்லை.

திரும்பி வந்தார்கள். மாலை கையில் இல்லை. எங்கே என்று எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், ஒரு ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"எல்லாம் சொன்னாரு" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்புதான். "குடிக்கிறவன், சூதாடுறவன், கைநீட்டுறவன்னு டீக்கடைல கேட்டிருக்கேன் தம்பி. பூட்ட அஞ்சு தபா இழுத்து பாக்குறவன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"அஞ்சு இல்ல சார். மூணுதான்" என்றேன்.

தோஸ்து என் காலை மிதித்தான்.

"வேற ஏதாவது கம்ப்ளைண்ட் உண்டான்னு கேட்டேன்" என்றார் மகன். "யோசிச்சிப் பாத்துட்டு, சர்க்கரை ஏன் கம்மின்னு கூடக் கேக்க மாட்டான், அப்பிடியே குடிச்சிட்டுப் போயிடுவான், அதான் கவலைன்னாரு."

அப்பா சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார். "மொதல்ல வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லணும். அது ஒன்னும் சாப்புடாம குந்திகினு கீது." எண்களை அமுக்கி, காதில் வைத்துக் கேட்டு, மணி அடித்ததும் செல்லை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. நா சொன்னா சமாதானத்துக்கு சொல்றேன்னு நெனச்சிக்கும்."

வாங்கினேன். கை ஈரம், செல் வழுக்கிவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அல்லோ."

"யாரு?"

பெயரைச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று செல்லைப் பார்த்தேன், மறுபடி காதில் வைத்தேன்.

"நிஜமாவா?" என்றாள்.

"ஆமா. இருக்கேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு, "சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல. மீனு இப்பதான் கல்லுல போட்டிருக்காங்க. நீங்க?"

"இல்ல. இனிமேதான்."

அவ்வளவுதான் பேச்சு. செல்லைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னா சொல்லுது?" என்றார் அப்பா.

"சாப்பிடப் போறாங்களாம்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினார். அப்பா முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "வாசன ஆளத் தூக்குது. எங்குளுக்கும் ரெண்டு துண்டு வெச்சிடுங்கம்மா. கை நனைச்சிட்டே போறோம்."

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் பெண் வீட்டார் தண்ணீர் குடிப்பார்கள், டீ கூடக் குடிப்பார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைப்பது என்றால் முடிந்தது என்று அர்த்தம். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் தன் வழியை விடவில்லை.

"சாவுக்குன்னு கெளம்பி வந்துட்டீங்க. தல முழுவாம எப்பிடி சாப்புடுவீங்க?"

"சாவே நடக்கலியேம்மா" என்றார் மகன்.

"நடக்கல. மாலைய தொட்டீங்க இல்ல?"

பின்பக்கம் குழாயடியில் இரண்டு பேரையும் நிறுத்தி ஆளுக்கு இரண்டு குடம் ஊற்றினாள். என் தோஸ்துதான் தண்ணீர் அடித்துக் கொடுத்தான். தலையை நன்றாகத் துவட்டுங்கள், ஜலதோஷம் பிடித்துவிடும் என்று நான் துண்டோடு பின்னாலேயே நின்றேன். கால் மணி நேரத்தில் என் வருங்கால மாமனார் என் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட எங்கள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சங்கராவில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு முடிந்ததும், இன்னொன்று போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.